மைக்கைத் திறந்து பேசவும்: மெல்பர்னிலிருந்து ஓமந்தூருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கும், ஓமந்தூரில் இம்மடலை வாசிக்கக் கேட்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும்,

அயல்நாட்டுக் கடிதம் என்பது எழுதியவரின் தற்பெருமைப் பட்டியலாக இராமல், ஊருக்குப் பயன்படும் ஒரு பொருளை நூல்நடையில் விளக்குவதாக இருத்தல் வேண்டும் என்று, தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா விதித்துள்ளமையால், எழுதியவரைப் பற்றிய செய்தி எதுவும் இதில் இடம்பெறவில்லை. உடல்நலம், சம்பளம், வீட்டுக் கடன் ஆகிய மூன்றும் வழக்கம்போலவே உள்ளன என்று சித்தி ஊகித்துக்கொள்ளலாம். இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் கணினிச் சங்கம் என்பதாகும். வீட்டில் ஒரு கணினியையோ கைப்பேசியையோ வைத்துக்கொண்டு, அது சொன்ன பேச்சைக் கேளாதபோது செய்வதறியாது திகைக்கும் பொதுமக்கள், சந்தா கட்டி, நிர்வாகக் குழு அமைத்து, நாள் குறித்துக் கூடி, ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்ளும் அமைப்பே கணினிச் சங்கம். கணினியைப் பிழைப்பாகக் கொண்டவர்களும் அதில் சேரலாம் எனினும், சேர்ந்த அன்றே அவர்கள் எல்லாருடைய பிரின்டருக்கும் பொறுப்பாளர் ஆகிவிடுவதால், பெரும்பாலோர் தம் தொழிலை வெளியே சொல்வதில்லை.

இவ்வமைப்பின் வரலாறு, கணினி வீட்டுக்குள் நுழைந்த காலத்திலேயே தொடங்குகிறது. 1975 மார்ச் 5 அன்று, அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவர் வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையில் முதன்முதலாகக் கூடிய ஹோம்பிரூ கணினிச் சங்கத்திற்கு வந்துபோன ஸ்டீவ் வாஸ்னியாக், அங்குள்ளோர் பார்க்க வேண்டும் என்னும் ஆர்வத்தில் உருவாக்கிய கணினியே பின்னர் ஆப்பிள் நிறுவனத்தின் முதற்கணினி ஆயிற்று. 1977இல் ஜோனதன் ரோட்டன்பெர்க் தம் 13ஆம் வயதில் முன்னின்று தொடங்கிய பாஸ்டன் கணினிச் சங்கம், 30,000 உறுப்பினர்களுக்குமேல் வளர்ந்து, 1996இல் கலைந்தது. ஓமந்தூரில் 13 வயதுப் பிள்ளை ஒருவன் சங்கம் தொடங்கப் போவதாகச் சொல்லியிருந்தால், அச்சங்கம் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே கலைக்கப்பட்டிருக்கும். மெல்பர்ன் நகரத்துப் பி.சி. பயனர் குழு 1984இல் தோன்றியது. உறுப்பினர்களே உழைத்து நடத்தும் இக்குழு, தனக்கென ஓர் இதழை வெளியிட்டதோடு, இணைய இணைப்பு அரிதாக இருந்த 1990களில் தன் உறுப்பினர்களுக்கு அதனையும் தானே வழங்கியது.

அக்காலத்தில் சங்கம் தேவைப்பட்டதற்குக் காரணம் எளிது. கணினியை விற்றவர் விற்றதோடு போய்விட, அதனுடன் வந்த கையேடு அதை எழுதியவர்க்கு மட்டுமே விளங்கியது. இன்று கேள்வியைத் தட்டச்சு செய்தால் நொடியில் ஆயிரம் விடைகள் வந்து விழும் நிலையிலும் இத்தகைய சங்கங்கள் பல நாடுகளில் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அந்த ஆயிரத்துள் எது தமக்குரிய விடை, எது தம் வங்கிக் கணக்குக்கு வைத்த கண்ணி என்று பிரித்துச் சொல்ல ஒரு மனிதர் தேவைப்படுகிறார் என்பதே. ஆஸ்திரேலிய அரசும் இதனை உணர்ந்து, 50 வயதைக் கடந்தோர் இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தக் கற்பதற்கென ‘பி கனெக்டெட்’ என்னும் திட்டத்தை 2017இல் தொடங்கி, ஊர்தோறும் உள்ள சிறு அமைப்புகளின் வழியாக அதனை நடத்தி வருகிறது.

சங்கங்களின் நடைமுறை, தமிழ்நாட்டிலிருந்து வருவோர்க்கு வியப்பளிப்பது. கூட்டம் பல வேளைகளில், அந்நிலத்தின் தொல்குடிகளான குலின் மக்களுக்கு மரியாதை செலுத்தும் சில சொற்களோடு தொடங்கும். நம் ஊர் விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்பதை ஒத்த ஒழுக்கம் அது. அதன்பின் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கப்படும். அதனை ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சும் கெட்டில் ஒன்று வாங்குவதற்கும் இதே முறைதான். மாலை, பொன்னாடை, ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று தொடங்கும் நீண்ட விளிகள் ஆகியவை இல்லாமையால், சிறப்புரையாளர் பேசத் தொடங்கும்போது கேட்போர் இன்னும் விழித்திருக்கின்றனர். எண்பது வயதைக் கடந்த பெரியவரையும் பெயர் சொல்லி அழைப்பதே இங்கு முறை. ‘ஐயா’வும் ‘அண்ணா’வும் நாவின் நுனிவரை வந்து நின்றுவிடுவதால், விளியே இல்லாமல் ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று தொடங்குவதே தமிழர் கண்ட சமரசம்.

இக்கூட்டங்கள் இணையவழியில் பரவியதற்குக் கொரோனாவே பெருங்காரணம். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் மெல்பர்ன் நகரம் மொத்தம் 262 நாள்கள் ஊரடங்கில் கிடந்தது. அதுவரை மண்டபத்தில் கூடியவர்கள், திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு பேச உதவும் ஜூம் போன்ற செயலிகளைக் கற்றே ஆகவேண்டிய நிலை வந்தது. நோய் தணிந்த பின்னரும், இரவில் கார் ஓட்ட இயலாத முதியோர்க்கும் தொலைவில் வாழ்வோர்க்கும் இது வசதியாக இருந்தமையால், வழக்கம் நிலைத்துவிட்டது.

இணையக் கூட்டத்தின் இலக்கணம் பின்வருமாறு. முதலாவது காத்திருப்பறை. அழைப்பு இணைப்பைச் சொடுக்கியவர், கூட்டத்தை நடத்துபவர் அனுமதிக்கும்வரை வாயிலில் நிற்கும் நிலை இது. கூட்டத்தை நடத்துபவரே தம் கடவுச்சொல்லை மறந்து வெளியே நிற்கும் நாளில் சங்கம் முழுவதும் வாயிலிலேயே கூடிவிடும். இரண்டாவது மியூட் என்னும் ஒலியடைப்பு. பேசாதவர் தம் வீட்டு ஓசை பிறரைத் தாக்காதவாறு மைக்கை மூடி வைக்கும் இவ்வொழுங்கில், பேச வேண்டியவர் மூடிக்கொண்டு பேசுவதும், பேசக்கூடாதவர் திறந்து வைத்துக்கொண்டு குக்கர் விசிலையும் குடும்ப விவகாரத்தையும் ஒலிபரப்புவதும் விதிவிலக்கின்றி நிகழும். மூன்றாவது காட்சிக் கோணம். வல்லுநர்களின் பின்னால் நூலடுக்கு தெரியும், மற்றவர்களின் மேலே மின்விசிறி தெரியும், தமிழர் வீடாயின் பனியன் அணிந்த ஒருவர் அவ்வழியே குறைந்தது இருமுறையேனும் நடப்பார். நான்காவது திரைப் பகிர்வு. தம் கணினியில் தெரிவதை எல்லார்க்கும் காட்டும் இவ்வசதியால், சிக்கல் இன்னதென்று விளக்கத் தெரியாதவரும் அதனைக் காட்டிவிட முடிகிறது. மருத்துவரிடம் ‘எங்கோ வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லும் நோயாளிகளைப் போன்றோர் நிறைந்த இத்துறையில், நான்கனுள் இதுவே பெரும் பேறு.

நேரக் கணக்கும் இங்கே குறிக்கத்தக்கது. மெல்பர்ன் கடிகாரம் இந்தியக் கடிகாரத்திற்கு நாலரை மணி நேரம் முந்தியது. அக்டோபர் தொடக்கம் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, கோடைப் பகலொளியை வீணாக்கக்கூடாது என்று அரசே முள்ளை ஒரு மணி நேரம் நகர்த்திவிடுவதால் ஐந்தரை மணி நேரம் முந்தியதாகும். ஆகவே, இங்கு இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் கூட்டம், ஓமந்தூரில் பருவத்திற்கேற்பப் பிற்பகல் மூன்று மணிக்கோ இரண்டு மணிக்கோ அமைகிறது. இரண்டுமே சித்தப்பாவின் உறக்க நேரத்தில் விழுவதால், அவரை நேரடியாகச் சேர்க்கும் முயற்சி கைவிடப்பட்டுள்ளது. கூட்டத்தில் புதிதாகச் சேர்பவர் தம் ஊரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் என்று சொல்லத் தொடங்கும் எவரும், இந்தியா விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர் அது என்பதையும், தேவதாசி முறையை ஒழித்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய ஆட்சியில் நிறைவேறியது என்பதையும் சொல்லாமல் நிறுத்தமாட்டார். ஜூமின் இலவசக் கூட்டத்திற்கு வரம்பு 40 நிமிடம் என்பதை அப்போது யாரேனும் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

உறுப்பினர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சிறியவை: பேரனின் நிழற்படங்கள் எங்கே போயின, எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி, பிரின்டர் ஏன் வெள்ளைத் தாளையே தருகிறது. இவற்றிடையே பெரிய கேள்விகளும் வருகின்றன. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது; இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளை ஆட்டிவைக்கும் அடிப்படை மென்பொருள் ஆகும். புதிய விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புராசசரும் இல்லாத பழைய கணினிகள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் ஒரே நாளில் முதியோர் பட்டியலில் சேர்ந்தன. இதே விதியைத் தாமும் அனுபவித்து ஓய்வுபெற்ற உறுப்பினர் பலர், தம் கணினியின்மீது காட்டிய பரிவு சொல்லும் தரமன்று. அத்தகையோர்க்குச் சங்கங்களில் சொல்லப்படும் வழிகளுள் ஒன்று, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த, கட்டணமின்றி எவரும் நிறுவிக்கொள்ளத்தக்க லினக்ஸ் ஆகும்.

இவ்விடத்தில் ஓமந்தூரின் முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். நம் ஊரில் கணினிச் சங்கத்தின் வேலையை ஒரே ஒருவர் செய்கிறார். அவர் பெயர் ‘தம்பி’. அவர் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவராகவோ, செல்போன் கடைக்காரராகவோ, இ-சேவை மையத்தில் அமர்ந்திருப்பவராகவோ இருக்கலாம். கைப்பேசியை அவரிடம் நீட்டி, பின் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி, வேலை முடிந்ததும் ‘நல்லா இருப்பா’ என்று வாழ்த்திவிட்டு வருவதே வழக்கம். தம்பி நல்லவரே; ஆயினும் அவர் செய்து தருகிறாரேயொழிய, சொல்லித் தர அவர்க்கு நேரமில்லை, கேட்கப் பெரியவர்களுக்கும் மனமில்லை. தெரியாததைச் சிறியவரிடம் கேட்பது இழுக்கு என்று கருதும் ஒருவர், தொலைபேசியில் காவல் அதிகாரி என்று சொல்லிக்கொள்ளும் முன்பின் அறியாதவனிடம் மட்டும் கேட்டதையெல்லாம் சொல்லிவிடுகிறார். காணொளி அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ மோசடி பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் எச்சரித்தார். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லை. யு.பி.ஐ. முறையில் பின் எண் தேவைப்படுவது பணம் அனுப்புவதற்கே, பெறுவதற்கு அன்று. ஏமாந்தவர் தாமதமின்றி அழைக்க வேண்டிய எண் 1930. இம்மூன்று செய்திகளையும் ஒரு கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டால், கேட்க வெட்கப்பட்டு அமர்ந்திருந்த இருபது பேர்க்கும் அவை போய்ச் சேர்கின்றன. மெல்பர்ன் முதியோரிடம் கற்கத்தக்கது இதுவே; அவர்கள் அறிவில் மிக்கவர் அல்லர், அறியாமையைப் பலர் முன்னிலையில் அறிவிக்கக் கூசாதவர்.

இதற்கு மெல்பர்ன்வரை வர வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது. நம் மாவட்டத்து விழுப்புரத்திலேயே, 2013 முதல், ஜி.என்.யூ./லினக்ஸ் பயனர் குழு ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூடியும், கல்லூரி மாணவர்க்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளித்தும் வருகிறது; ஜி.என்.யூ. என்பது, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்களை உருவாக்க 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த முயற்சியாகும். காஞ்சிபுரத்து லினக்ஸ் பயனர் குழு, ஜிட்சி என்னும் கட்டற்ற கூட்டச் செயலி வழியே தமிழில் இணைய உரையாடல்களை நடத்தி வந்துள்ளது. ஆகவே, நம் மாவட்டத்தில் இல்லாதது சங்கம் அன்று. மாணவர்க்குக் கிடைத்துள்ள அவ்வசதி, அவர்தம் தாத்தா பாட்டியர்க்கும் வேண்டும் என்னும் எண்ணமே.

எனவே ஊராரிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இது: ஓமந்தூரில் ஒரு பொது இடத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயது வந்தோர்க்கான கணினிச் சங்கம் ஒன்று கூட வேண்டும், விழுப்புரத்துக் குழுவினரிடம் வழிகாட்டக் கேட்க வேண்டும், வெளியூரில் இருப்போர் இணையவழியில் சேர இடமளிக்க வேண்டும், அங்கே தம்பி செய்து தரக்கூடாது, சொல்லித் தர மட்டுமே வேண்டும். சங்கத்திற்குச் சித்தப்பா தலைமை ஏற்பது பொருத்தமாக இருக்கும். பதவி ஏற்பதற்கு முன், தினசரி நாட்காட்டியின் அட்டையில் எழுதி வைத்துள்ள வங்கிக் கடவுச்சொல்லை அவர் அழித்துவிட வேண்டும். சித்திக்கு அது மனப்பாடம்.

இங்ஙனம்,
மெல்பர்ன் வாழ் ஓமந்தூர்க்காரர்