மாணவர் அண்ணாச்சி

எங்கள் ஊர்ப் பட்டாசு விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெட்டியில் 1,000 ரூபாய் என்று அச்சடிப்போம்; 80% தள்ளுபடி போக 200 ரூபாய் என்று விற்போம். விலையும் நாங்கள் போட்டது, தள்ளுபடியும் நாங்கள் போட்டது. சிவகாசிக்காரனிடம் போய் ‘முழு விலை’ என்று சொன்னால் வைததாகவே எடுத்துக்கொள்வான்.

மாணவர் அண்ணாச்சிகள் பிறப்பது இந்த மண்ணில்தான். எங்கள் தெருக்காரருக்கு வயது 52. காலண்டர் அச்சகம் வைத்திருக்கிறார். தொலைதூரக் கல்வியில் மூன்றாவது எம்.ஏ. ஓடுகிறது. பரீட்சை எப்போது என்று கேட்டால் யோசிப்பார். அடையாள அட்டை எந்தத் தேதியில் காலாவதி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

சிவகாசியில் ஒரு போலி அட்டை அடிப்பது பெரிய காரியமா? நாலு கலர், லேமினேஷன், டீ ஆறுவதற்குள் கையில் இருக்கும். அண்ணாச்சி அதற்கு மட்டும் சம்மதிக்கமாட்டார். “தப்பு தம்பி. பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்துன பரம்பரை” என்பார். உண்மைதான். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்ததுதான். கல்விக்கு நன்கொடை என்றால் இன்றும் லட்சத்தை எண்ணாமல் கொடுப்பார். டிக்கெட் கவுண்டர் முன்னால்தான் ஆள் மாறிவிடுவார்.

1953 முதல் புழக்கத்தில் இருக்கும் சர்வதேச மாணவர் அட்டைக்கும் ஒருமுறை ஆசைப்பட்டார். முழுநேர மாணவருக்குத்தான் என்றார்கள். “பத்து வருசமாப் படிக்கேன். இதைவிட முழுசா எவன் படிப்பான்?” என்று கோபித்துக்கொண்டு வந்துவிட்டார்.

எகிப்தில் பிரமிடு பார்க்க மாணவருக்குப் பாதிக் கட்டணம். தொலைதூரக் கல்வி அட்டையையே நீட்டினார் அண்ணாச்சி. கவுண்டர்காரன் அட்டையைப் பார்த்தான், அண்ணாச்சியின் வழுக்கையைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். “ஸ்டூடன்ட்?”

“எம்.ஏ.” என்றார் அண்ணாச்சி.

4,500 வருசத்துச் சமாச்சாரத்தைக் காட்டிப் பிழைப்பவனுக்கு 52 எல்லாம் ஒரு வயதா? கிழித்துக் கொடுத்துவிட்டான்.

பாரிஸ் லூவ்ரு அருங்காட்சியகத்தில்தான் பருப்பு வேகவில்லை. ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கும் மகளும் கூட வந்திருந்தாள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே அனுமதி இலவசம். அவள் குடியிருப்பு அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி தன் அட்டையை நீட்டினார். கவுண்டரில் இருந்த பெண் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துச் சிரித்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக முழு விலை.

மோனாலிசா வரைக்கும் வாய் திறக்கவில்லை. மகள் பயந்துபோய், “என்னப்பா, உடம்புக்கு முடியலையா?” என்றாள்.

அண்ணாச்சி முகம் மெல்லத் தெளிந்தது.

“ஒண்ணுமில்ல தாயி. ஆளு ரெண்டு, டிக்கெட் ஒண்ணு. ஆகக் கூடி 50 சதவீதம் தள்ளுபடின்னு கணக்கு எழுதிக்கோ.”