மரக்கடைசல் மாநாட்டில் சம்பளமில்லாப் படக்காரர் ஆவது எப்படி?

தகுதி என்று பார்த்தால் இரண்டுதான். ஒன்று, உங்களிடம் கேமரா இருக்க வேண்டும். இரண்டு, "சும்மா நாலு படம் எடுத்துக் கொடுத்தால் போதும்" என்று யாராவது சொன்னால் அதை நம்புகிற மனசு வேண்டும். இரண்டாவது இருந்தால் முதலாவதை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் குடியேறிய தமிழர்கள் பலர் பொங்கல் விழாவிலும் பரதநாட்டிய அரங்கேற்றத்திலும் படமெடுத்துக் கை பழகியவர்கள். அந்தத் தைரியத்தில் மரக்கடைசல்காரர்களிடம் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அந்த ஊரில் கடைசல் என்பது பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு. ஆனால் பொழுதுபோக்கு என்று அவர்கள் காதுபடச் சொல்லக் கூடாது; அவர்களுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. 1985-ல் டென்னசி மாநிலம் காட்லின்பர்கில், ஆரோமான்ட் கைவினைப் பள்ளியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அங்கே முளைத்த யோசனைதான் மறு ஆண்டே அமெரிக்க மரக்கடைசல்காரர் சங்கமாக எழுந்து நின்றது. டேவிட் எல்ஸ்வொர்த் முதல் தலைவர். தலைமையகம் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில். இன்று நூற்றுக்கணக்கான வட்டாரக் கிளைகள், ஆண்டுக்கொரு நகரத்தில் பெரிய மாநாடு. கடைவதற்கு ஆயிரம் பேர் வருவார்கள். படமெடுக்க மட்டும் ஆள் தேடுவார்கள்.

கூலி: கழுத்தில் மாட்ட ஓர் அட்டை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சீட்டு, மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சிய அளவில் ஒரு பனியன்.

முதலில் உடுப்பு. கடைசல்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கழுத்து வரை ஜிப் வைத்த குட்டைக் கை அங்கி போட்டிருப்பார்கள். அதில் பைகள் எங்கே என்று தேடினால் முதுகுப் பக்கம், இடுப்புக்குக் கீழே இருக்கும். முன்னால் பை வைத்தால் அரை மணி நேரத்தில் அது மரச் சீவலால் நிரம்பிவிடும். இவ்வளவு யோசித்து உடை தைத்தவர்கள் நடுவே, இடுப்பு வரை தொங்கும் கேமரா வாரோடு நீங்கள் போய் நிற்பீர்கள். நீளக் கை, கழுத்துப்பட்டை, மோதிரம் எதுவும் சுழலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்பது அங்கே பாலபாடம். வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். எந்திரம் உங்கள் கேமராவை வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டால், கூடவே கழுத்தையும் கேட்கும்.

அடுத்தது நிற்கும் இடம். மிக அருமையான கோணம் எது என்று சொல்லிவிடுகிறேன். சுழலும் கிண்ணத்துக்கு நேர் எதிரே, விளிம்பு தெரியும்படி, கொஞ்சம் தாழ்வாக. முகம், உளி, சீவல் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் விழும். கிண்ணம் உடைந்து பறந்தால் அதுவும் அதே வழியில்தான் வரும். விளிம்பு எந்தத் தளத்தில் சுற்றுகிறதோ அந்தத் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது. முதல் வரிசைக்கும் எந்திரத்துக்கும் நடுவில் தெளிந்த பிளாஸ்டிக் தடுப்பு வைத்திருப்பது அதற்காகத்தான். ஆகவே எந்திரத்தின் வால்முனை, அதாவது டெயில்ஸ்டாக் பக்கம் ஒதுங்கி நின்று அச்சின் வழியாகப் பாருங்கள். கோணம் இரண்டாம் தரம். பல் மிச்சம்.

கடைபவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டால் முகம் போய்விடும். அந்த வளைந்த கண்ணாடியில் கூரை விளக்குகள், வெளியேறும் வழியின் சிவப்பு எழுத்து, நடுவில் குனிந்து நிற்கும் நீங்கள், எல்லாம் துல்லியமாகத் தெரியும். அவர் கவசத்தைத் தூக்கிக் கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கும் கணத்துக்குக் காத்திருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது அது நடக்கும். அந்தக் கணத்தில் வீடியோ எடுக்கும் தொண்டர் உங்களைப் பார்த்துக் கையசைப்பார். அது வணக்கம் இல்லை; அவருடைய கேமராவை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். எந்திரத்துக்கு மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று கேமரா கட்டியிருப்பதால், கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் பெரிய திரையில் உளிமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் பின்மண்டையும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

இனி தலைவலியான சங்கதி. 30 சென்டிமீட்டர் அகலக் கிண்ணம் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 20 சுற்று. 1/60 நொடி ஷட்டர் திறந்து மூடுவதற்குள் மூன்றில் ஒரு பங்கு சுற்று முடிந்துவிடும். மரத்தின் ரேகை எல்லாம் குழைந்து, வழவழவென்று ஒரு பழுப்புக் கிண்ணம் அசையாமல் இருப்பதுபோல் படத்தில் வரும். சரி, 1/8000-க்குப் போவோம் என்றால் விளிம்பு இரண்டரை மில்லிமீட்டருக்குள்தான் நகரும். ரேகை ஓரளவு தெளிவாகத் தெரியும். அதைப் பார்ப்பவர்களும், "எந்திரத்தை நிறுத்திவிட்டு போஸ் கொடுத்தாரா?" என்பார்கள். மெதுவாக எடுத்தாலும் நிற்கிறது, வேகமாக எடுத்தாலும் நிற்கிறது. நன்றாகக் கடையப்பட்ட வட்டம் சுற்றுவதைப் படத்தில் காட்டவே முடியாது. வேலை எவ்வளவு சுத்தமோ, படம் அவ்வளவு சப்பென்று இருக்கும்.

தப்பிக்க இரண்டு வழி உண்டு. பச்சை மரத்தைக் கடைபவரின் அறைக்குப் போங்கள். ஈரம் காயாத மரத்தில் உளி சரியாகப் பாய்ந்தால் சீவல் நாடா நாடாவாகக் கிளம்பி, வளைந்து, அவர் தோளுக்கு மேலே போய் விழும். 1/250 நொடி போதும். கிண்ணம் குழையும், சீவல் கோடு இழுக்கும், பார்ப்பவர்களுக்கு ஏதோ நடக்கிறது என்று புரியும். அல்லது பட்டையோடு விட்ட விளிம்புள்ள கிண்ணம் கடைபவரைத் தேடுங்கள். அந்த விளிம்பு மேடும் பள்ளமுமாக இருப்பதால், சுற்றும்போது கிண்ணத்தின் மேல் பாதி ஆவிபோல ஊடுருவித் தெரியும். அந்தப் படத்துக்காக மாநாட்டில் சேர்ந்தேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் மரத்தின் ஈரம் லென்ஸில் தெறிக்கும். துடைக்கப் பனியனைத் தூக்காதீர்கள், அதில் இருப்பது மரத்தூள்.

ஃப்ளாஷ் போடலாமா? உளிமுனை மரத்தைத் தொட்டிருக்கும்போது அவர் கண்ணில் வெளிச்சம் அடித்தால் கை துணுக்குறும். கை அரை மில்லிமீட்டர் பிசகினால் உளி மரத்தைக் கடித்துவிடும். மூன்று நாள் வேலை மூன்று துண்டாகும். அப்புறம் அந்தக் கூடத்தில் உங்களுக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

கூரை விளக்குகளையும் நம்ப வேண்டாம். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 அலை. மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 120 முறை மினுக்கும். வேகமான ஷட்டர் வைத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். 1/60-க்கு இறங்கினால் பட்டை போய்விடும், சீவலும் கூடவே மங்கும். இதில் இன்னொரு வேடிக்கை, உண்மையில் ஆபத்து: சதுரக் கட்டை ஒன்று நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடினால், அந்த மினுக்கலில் ஒவ்வொரு முறையும் கால் சுற்று தள்ளி அதே உருவமாகக் கண்ணில் விழும். கட்டை அசையாமல் நிற்பதுபோலவே தோன்றும். நெருக்கமாக ஒரு படம் எடுத்துவிடலாமே என்று கை நீட்டாதீர்கள்.

உப்புத்தாள் தேய்க்கும் நேரத்தில் அறையில் இருந்து வெளியேறுங்கள். அந்தத் தூள் மூக்குக்கும் ஆகாது, லென்ஸ் கழற்றி மாட்டும் கேமராவுக்கும் ஆகாது. அங்கேயே நின்று லென்ஸ் மாற்றுகிற ஆசாமிகளின் படங்களை நீங்கள் உடனே அடையாளம் காணலாம்: எல்லாக் கிண்ணத்தின் மேலும் ஒரே இடத்தில் ஒரே புள்ளி.

இடைவேளையில் ஒரு வெள்ளைத்தாடிக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து, இந்தியாவில் கடைசல் உண்டா என்று கேட்பார். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார். கட்டில் கால், தொட்டில் கட்டை, பூரிக்கட்டை, பம்பரம் என்று அடுக்குங்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானைச் சொல்லுங்கள். சுற்றுகிற மரத்தின் மேல் அரக்குக் கட்டியை அழுத்திப் பிடித்தால் உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி வண்ணமாகப் படியும், அதை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள் என்று சென்னபட்டணக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் குறிப்பேட்டை எடுத்துவிடுவார். அடுத்த அமர்வு தொடங்குவதற்குள் அவரிடம் இருந்து தப்புவது உங்கள் சாமர்த்தியம்.

மாநாட்டின் உண்மையான கூட்டம் கண்காட்சிக் கூடத்தில்தான். பதிவுசெய்த யாரும் தங்கள் வேலையைக் கொண்டுவந்து மேசையில் வைக்கலாம், தேர்வுக் குழு கிடையாது. முதல் ஆண்டு மாணவரின் கனத்த கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே உலகப் புகழ் பெற்றவரின் குடுவை உட்கார்ந்திருக்கும். நூற்றுக்கணக்கான பொருள்கள், வெள்ளை மேசைத்துணி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சீட்டு: பெயர், மரம், பூச்சு. எல்லாவற்றையும் படமெடுக்க வேண்டும் என்பார்கள். கறுப்பில் இருந்து சாம்பலுக்கு மெல்ல மாறும் பின்திரை, பக்கத்தில் ஒரு மென்விளக்கு, 85 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 11. கேமராவை விளிம்புக்குச் சற்று மேலே வையுங்கள். உட்புறம் கொஞ்சமாவது தெரியாவிட்டால் கிண்ணமா தட்டா என்று சண்டை வரும். பளபளப்பாகப் பூச்சடித்த பொருளில் உங்கள் விளக்கு அச்சு அசலாகத் தெரியும். படாக் மரத்தின் ஆரஞ்சுச் சிவப்பு கேமராவுக்குள் போய்த் தக்காளி நிறமாகிவிடும். சாம்பல் அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அளவு தெரிய எதையும் வைக்காதீர்கள் என்பார்கள். கட்டைவிரல் அளவுக் குடுவையும் அண்டா அளவுக் குடுவையும் ஒரே உயரத்தில் வரும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகுதான் விஷயம் புரியும். சங்கத்தின் முதல் தலைவர் எல்ஸ்வொர்த் பெயர் வாங்கியது குறுகிய வாய் வழியாக வளைந்த உளியை விட்டு, உள்ளே கண்ணுக்குத் தெரியாமலே குடைந்து, மெல்லிய சுவராக்கிய குடுவைகளால். அந்த வித்தை படத்தில் வராது. வெளியே தெரிவது ஒரு குடுவை, அவ்வளவுதான். கையில் எடுத்தால் காகிதம்போல எழும்பும். அந்த எடை இல்லாமையை எந்த லென்ஸும் பிடிக்காது. அதனால்தான் கடைசல்காரர்கள் உங்கள் படத்தைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "அடிப்பக்கம் எடுத்தீர்களா?" எந்தக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாலும் அவர்கள் முதலில் தலைகீழாகத் திருப்புவார்கள். கிண்ணத்தை எந்திரத்தில் பற்றும் சக்கு பிடித்த தடத்தை எப்படி மறைத்தார், அடியைக் கடைந்து முடித்தாரா, சோம்பலில் விட்டுவிட்டாரா, பெயரைச் சூடு போட்டு எழுதினாரா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே நூற்றுக்கணக்கான பொருள்களை இன்னொரு முறை, கவிழ்த்து வைத்து எடுங்கள்.

கூடத்தில் கூட்டம் கூடியிருக்கும்போது பொருள்களை விட்டுவிட்டு, திருப்பிப் பார்க்கும் கைகளை எடுங்கள். யாரும் உங்களைக் கேட்கவில்லை, ஆனால் மாநாட்டில் எடுத்ததில் அவைதான் பார்க்கும்படி இருக்கும். நோயுற்ற குழந்தைகளுக்காகப் பலரும் கடைந்து கொடுக்கும், பாசிமணி போட்டுவைக்கும் மூடிபோட்ட பெட்டிகள் ஒரு மேசை முழுக்க இருக்கும்; அவற்றுக்கு ஒரு தனிப் படம். குழுப்படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எத்தனை முறை எடுத்தாலும் ஒருவர் குனிந்து தரையில் கிடக்கும் கட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பிரித்து, எல்லாருக்கும் அனுப்பிய பிறகு கடிதங்கள் வரும். "நான் வைத்தது அந்தப் பழுப்பு நிறக் கிண்ணம், அதன் படம் மட்டும் தனியாக அனுப்ப முடியுமா?" என்று ஒருவர் கேட்பார். மற்றொருவர், மூன்றாவது மேசையில் பின்வரிசையில் பாதி தெரிவது தன்னுடையது, முன்னால் நிற்கிறவரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அனுப்பினால் நல்லது என்பார். முடியும் என்று பதில் எழுதிவிடாதீர்கள். அடுத்த ஆண்டுத் தொண்டர் பட்டியலை அந்தப் பதில்களை வைத்துத்தான் தயாரிக்கிறார்கள்.