ஆர்மோனியக்காரருக்கு மொத வணக்கம்

டேய் பேராண்டி, செருப்ப வெளிய வுட்டுட்டு இப்டி வந்து குந்து. எழும்பூர்ப் பக்கம் எங்கியோ இசை நாடகப் பயிற்சியாம். அதுலயும் 'அட்வான்ஸ்டு' கோஷ்டியாம். ஞாயித்துக்கெழம ஆடிஷனாம். இத்தையெல்லாம் உங்கம்மா வாயால கேட்டுத்தான் நான் தெரிஞ்சிக்கணுமா? ஹார்பர்ல வின்ச்சு ஓட்ன கெழவனுக்குப் பாட்டப் பத்தி இன்னா தெரியும்னு நெனச்சிட்ட. நெனச்சிக்கோ. கப்பலுக்கு மேல நிக்கறவனுக்கும் அடில நிக்கறவனுக்கும் ஒரே நேரத்துல கேக்கறா மாதிரி மைக் இல்லாம கத்துன தொண்டை இது. உனக்கு மார்க் போடப் போற மகராசனுங்கள்ள எத்தினி பேருக்கு அந்தத் தொண்டை இருக்குன்னு போய்ப் பாரு.

காலைல பாத்ரூம்ல நீ பாடனத கேட்டேன். நல்லாத்தான் ஆரம்பிச்ச. மேல போவசொல்ல குரலு ரெண்டா பிரிஞ்சி ஒண்ணு திருவொத்தியூர் பக்கமும் ஒண்ணு மணலி பக்கமும் போச்சு. உங்க ஆயா ஏதோ தண்ணி மோட்டார்தான் ரிப்பேர்னு எழுந்து போய்ப் பாத்துட்டு வந்தா.

பயப்படாத. நாடகக்காரங்க இத்த மகரக்கட்டுன்னு சொல்லுவாங்க. 13, 14 வயசுல ஆம்பளப் பையனுக்குக் குரல்வளை பெருசாவும், சுருதி கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழ எறங்கிரும். தேன் குடிச்சாலும் நிக்காது, பனங்கல்கண்டு மென்னாலும் நிக்காது. யூடியூப்ல எவனோ சொன்னான்னு பச்ச முட்டைய முழுங்கிக்கினு இருக்கியாமே, அத்த மொதல்ல நிறுத்து. முட்டைக்குப் புடிச்ச கேடு.

இந்த மகரக்கட்டு எத்தினி பேரு பொழப்புல மண்ணப் போட்டிருக்குன்னு உனக்குத் தெரியாது. 1918-ல மதுரைல சங்கரதாஸ் சுவாமிகள் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'ன்னு சின்னப் பசங்களா சேத்து ஒரு நாடகக் கம்பெனி ஆரம்பிச்சாரு. அவரே ஒரு காலத்துல எமன், சனீஸ்வரன்னு வேஷம் கட்னவரு. பெரிய நடிகனுங்க ஒழுங்குக்கு அடங்கலன்னுதான் பசங்கள வெச்சி நடத்தலாம்னு எறங்கினாரு. 6 வயசுல அங்க போய்ச் சேந்தவரு டி.கே. சண்முகம். அவர் எழுதி வெச்ச கதைதான் இது: சுவாமிகள் ஒரே ராத்திரில 'அபிமன்யு சுந்தரி'ய முழுசா எழுதி முடிச்சாரு. நீ என்னடான்னா ரெண்டு பக்க வசனத்த நெட்டுரு பண்ணச் சொன்னதுக்கு வாரக்கணக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு திரியற.

அந்தப் பாய்ஸ் கம்பெனிங்களுக்கும் ஆடிஷன் இருந்துச்சி. பேருதான் வேற. வாத்தியார் முன்னாடி நிக்க வெப்பாங்க. "பாடுறா"ம்பாங்க. சாரீரம் இருந்தா உள்ள, இல்லன்னா வூட்டுக்கு. உள்ள போயிட்டா ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன்னு பிரிச்சி வுட்டு, விடியக்காலைல எழுப்பி ஆர்மோனியம் முன்னாடி குந்த வெச்சிடுவாங்க. அடி உதையும் உண்டு, அது மட்டும் கணக்குல வராது. அப்பால 4, 5 வருஷம் கழிச்சி மகரக்கட்டு வரும். நேத்து வரைக்கும் கிருஷ்ணனா நின்னு ஒன்ஸ்மோர் வாங்கனவன், இன்னிக்கி காவக்காரனா ஈட்டி புடிச்சிகினு ஓரமா நிப்பான். இல்லன்னா மூட்டையக் கட்டிகினு ஊருக்கு.

தப்பிச்சவன் யாருன்னு பாத்தியா? தொண்டையத் தவிர இன்னொண்ணும் கைல வெச்சிருந்தவன். நாகர்கோயில்ல நாடகக் கொட்டாய்ல சோடா வித்த பையன்தான் என்.எஸ். கிருஷ்ணன். அதே சண்முகத்தோட டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனிக்குள்ள போனாரு. வில்லுப்பாட்டு தெரியும், சிரிக்க வைக்கத் தெரியும், பக்கத்துல நிக்கறவன் வசனத்த மறந்தா தாங்கிப் புடிக்கத் தெரியும். குரலு எங்க ஒடஞ்சா அந்தாளுக்கு இன்னா? உன் ஆடிஷன்லயும் உள்ளுக்குள்ள அத்தத்தான் பாப்பானுங்க. ஒரு பாட்டு கேப்பானுங்க, ஒரு வசனம் கேப்பானுங்க, கும்பலா நிக்க வெச்சி ரெண்டு ஸ்டெப் ஆடச் சொல்லுவானுங்க. மூணுல ரெண்டுக்குப் பாடற தொண்டையே வோணாம். அந்த ரெண்டத்தான் நீ இன்னும் தொடவே இல்ல.

இன்னொரு விஷயம், ஓடிப்போய் நாடகத்துல சேந்தவங்க கதைய உங்க வாட்ஸாப்ல அனுப்பிக்கினு கெடக்கறானுங்களே, அத்த நம்பி ஏதாவது பண்ணாத. எம்.ஆர். ராதா நம்ம மெட்ராஸ்காரரு. ஒரு மீன் துண்டுக்காக அம்மா கூட சண்ட, கோச்சிகினு எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு. அங்க ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடுன்னு நாடகக் கம்பெனிக்காரரு, "பொட்டியத் தூக்குறியாடா"ன்னு கேட்டு, அப்டியே கூட்டிகினு பூட்டாரு. சிவாஜி கணேசன் திருச்சில சின்னப் பையனா இருக்கசொல்ல, நான் அனாதைன்னு புளுகிட்டு யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனில சேந்தாரு. அவங்க பண்ணா அது சரித்திரம். நீ பண்ணா ராயபுரம் போலீஸ் ஸ்டேஷன்ல காணாமப் போன பையன்னு ஒரு ஃபைல். உங்கம்மா எந்தத் துண்டு வஞ்சிரத்த வெச்சாலும் வாய மூடிகினு துன்னு.

இப்ப முக்கியமானதுக்கு வரேன். ஹாலுக்குள்ள நொழஞ்சதும் மேசைக்குப் பின்னாடி குந்தியிருக்கறவங்களப் பாத்து இளிப்ப. எல்லாப் பசங்களும் அத்தத்தான் பண்ணும். மூலைல பியானோவோ கீபோர்டோ வெச்சிகினு ஒருத்தரு இருப்பாரு பாரு, அவருதான் அன்னிக்கி உன் சாமி. அந்தக் காலத்து ஆர்மோனியக்காரரு மாதிரி ஆளு அவரு.

எங்க நைனா வால்டாக்ஸ் ரோட்டு ஒத்தவாடை தியேட்டர்ல நாடகம் பாத்துட்டு வந்து கத கதயா சொல்லுவாரு. மேடைக்கு ஓரமா ஆர்மோனியக்காரரு. அவரே பின்பாட்டும் பாடுவாரு. ராஜபார்ட்டுக்கு மூச்சு முட்னா அந்த எடத்துல அவரு எடுத்துப் பாடி நடிகன் மானத்தக் காப்பாத்துவாரு. ராஜபார்ட்டு அவர மதிக்காம நடந்துகினான்னு வை, வாய்க்குள்ள சிரிச்சிகினே சுருதிய அரக் கட்ட ஏத்தி வெச்சிடுவாரு. மேல எட்டிப் புடிக்க முடியாம ராஜா தொண்டை கிழிஞ்சி நிப்பான். ஜனம் ஆர்மோனியக்காரருக்குக் கை தட்டும்.

வெளிநாட்ல இசை நாடக ஆடிஷன்ல 16 பார், மிஞ்சினா 32 பார் பாட்டுதான் கேப்பாங்க. ஒரு நிமிஷம் தாண்டாது. அதனால எங்க ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்னு நோட்டுத்தாள்ல பென்சிலால பெருசா குறிச்சி வை. தாளு கசங்காம ஃபைல்ல போட்டு எடுத்துகினு போ. அவருகிட்டப் போய் மொதல்ல வணக்கம் சொல்லு, தாளக் காட்டு, வேகம் இன்னான்னு மெதுவா ஒரு வரி முணுமுணுத்துக் காட்டு. சொடக்குப் போட்டுக் காட்டிடாத, நாய் கூப்புட்றா மாதிரி. தப்பு அவரே பண்ணாலும் அவரு பக்கம் திரும்பி மொறைக்காத. தோத்துப் போனவன் பாதிப் பேரு அந்த மொறைப்புலதான் தோத்தான்.

அடுத்தது, "எந்த ஏரியா?"ன்னு கேப்பாங்க. நீ "ராயபுரம்"னு சொன்ன ஒடனே அவங்க மொகத்துல ஒரு சந்தோஷம் வரும் பாரு. சினிமாவுல சுருள் கத்தியோட பாத்த ஊராச்சே. "அப்ப ஒரு கானா எடுத்து வுடு"ம்பாங்க. நீ தயார் பண்ணின பாட்ட மொதல்ல பாடு. அப்பால கானா கேட்டா, கைல கெடச்ச மேசையில தட்டி, சும்மா இல்லாம முழு மூச்சா பாடு. கானா சொலபம்னு நெனைக்கறவங்க முன்னாடி அத்த அர மனசா பாடக் கூடாது. டைரக்டர் பா. ரஞ்சித்தும் மியூசிக் போடற தென்மாவும் பாடறவங்க, அடிக்கறவங்கள ஒவ்வொருத்தரா கேட்டு, பொறுக்கி எடுத்து, 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'னு 19 பேர 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல மேடை ஏத்தினாங்களே, அந்த 19 பேருக்கும் அது வெளையாட்டு இல்ல.

அப்டியும் எவனாவது, "கர்நாடக சங்கீதம்லாம் உங்க பக்கம் இருக்கா?"ன்னு இழுத்தான்னா, பணிவா சொல்லு: "சார், எங்க திருவொத்தியூர் திரிபுரசுந்தரி மேல தியாகராஜ சுவாமியே அஞ்சு கிருதி பண்ணியிருக்காரு. கல்யாணி, பேகடை, ஆரபி, சாவேரி, சுத்தசாவேரி. அவர இங்க அழச்சிகினு வந்த வீணை குப்பய்யரு எங்க ஊர்க்காரரு." அம்மாம் பணிவா சொல்லணும், பதில் சொல்ல வாய் வரக் கூடாது அவனுக்கு. 2017-ல கபேர் வாசுகி நம்ம பேச்சுல எழுதுன 'பொறம்போக்கு' பாட்ட, டி.எம். கிருஷ்ணா எண்ணூர்ல வந்து ராகம் ராகமா பாடிட்டுப் போனாரே, அத்தயும் கூட சேத்துக்கோ.

எண்ணூருன்னு சொன்னதும் ஞாபகம் வருது. காரணம் சொல்லாத. 2023 டிசம்பர்ல ஆத்துல எண்ணெய், அதே மாசக் கடேசில உரக் கம்பெனி கொழாய்லேந்து அம்மோனியா, வருஷம் பூரா சாம்பல். நம்ம தொண்டைக்கு வந்த கதி நமக்குத் தெரியும். அத்த கோர்ட்ல சொல்லணும், கலெக்டர் ஆபீஸ்ல சொல்லணும். ஆடிஷன்ல சொன்னா "பாவம்"னு ஒரு வார்த்த கெடைக்கும், எடம் கெடைக்காது. "தொண்ட சரியில்ல சார்"னு ஆரம்பிக்கறவன் பாட்ட எவனும் காது குடுத்துக் கேக்க மாட்டான்.

ஏப்ரல் 15-லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போவக் கூடாதுன்னு சர்க்காரு சொல்லுதே, மீனு குஞ்சு பொரிக்கட்டும்னு. உன் தொண்டைக்கும் அப்டி ஒரு தடைக்காலம் வை. 61 நாளு வோணாம், வெள்ளி, சனி ரெண்டு நாளு. கிரிக்கெட் மேட்ச்ல கத்தாத, தங்கச்சியோட மல்லுக்கு நிக்காத. எனக்கும் கொஞ்சம் நிம்மதி.

எதுத்த வூட்டுப் பொண்ணும் வருதாமே? அதுகிட்ட ஜாக்கிரதையா இரு. அதும்மா காசிமேட்ல ஏலம் கூவறவ. இருட்டு வெலகறதுக்குள்ள லைட்டு வெளிச்சத்துல சங்கரா, நெத்திலி, கெழங்கான்னு கூறு கட்டி வெச்சிருப்பாங்க. சுத்தி நூறு பேரு ஆளுக்கொரு வெல கத்துவான், ஐஸ் ஒடைக்கற சத்தம் வேற. அத்தனைக்கும் மேல அவ குரலு மட்டும் தனியா கேக்கும், யாரு கண்ணடிச்சா யாரு வெரல ஆட்னான்னு எல்லாத்தயும் பாத்துகினே. அவ வயித்துல பொறந்தது அது. உன்ன மாதிரி பாத்ரூம்ல பாடிப் பழகல.

பொண்ணுதானேன்னு இளக்காரமா நெனைக்காத. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல பி. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 2002-லேந்து 2020 வரைக்கும் கட்டைக்கூத்து குருகுலம் நடத்தினாங்க. பகல்ல பள்ளிக்கூடப் படிப்பு, கூடவே கூத்து. ஆம்பளைங்க மட்டுமே ஆடிகினு இருந்த கூத்துல பொண்ணுங்க கிரீடம், புஜக்கட்டையெல்லாம் கட்டிகினு விடிய விடிய ஆடிச்சிங்க. நீ கேட்ட 'அட்வான்ஸ்டு' அதுதான்டா. கே.பி. சுந்தராம்பாள் சின்னப் பொண்ணா ரயில்ல பாடிகினு போவசொல்ல, எஃப்.ஜி. நடேச அய்யருன்னு ரயில்வே அதிகாரி காதுல வுழுந்து, அவருதான் வேலு நாயர் நாடகக் கம்பெனில சேத்து வுட்டாரு. மொத வேஷம் நல்லதங்காள்ல பசியால அழுவற புள்ள. 1935-ல நந்தனாரா நடிக்க லட்ச ரூபா வாங்கனது அதே அம்மாதான். அதனால கும்மிடிப்பூண்டி லோக்கல்ல எவனாவது பாடினா காதுல இருக்கற ஒயரப் புடுங்கிட்டுக் கேளு.

அப்பால, ஒரு படிவம் குடுப்பாங்க. அதுல 'எந்த வேஷம் கொடுத்தாலும் நடிப்பீர்களா?'ன்னு ஒரு கேள்வி இருக்கும். நம்ம பய 'ஹீரோ மட்டும்'னு எழுதிட்டு வருவான், எனக்குத் தெரியும். டி.கே. சண்முகம் 1942-ல 30 வயசுல அவ்வைக் கெழவி வேஷம் கட்னாரு. பல்லு போன கெழவி. அந்தக் கெழவிதான் அவர் பேருக்கு முன்னாடி கடேசி வரைக்கும் ஒட்டிகினு வந்தா. அவரு கம்பெனில பையனா இருந்த கமல்ஹாசன், 1996-ல அவரு பேர நெனச்சி 'அவ்வை சண்முகி'ன்னு ஒரு படத்துலயே நடிச்சாரு. நீ 'ஆம்'ல டிக் அடிச்சிட்டு வா. மரமா நிக்கச் சொன்னா மரமா நில்லு, ஆனா தூங்கிடாத.

கெடைக்கலன்னா வூட்டுக்கு வந்து கதவ சாத்திகினு குந்தாத, அம்மாம்தான். மீன் கொழம்பு ஆறிடும்.

கடேசியா, இவனுக்கில்ல, மேசைக்குப் பின்னாடி குந்தி மார்க் போடற அய்யா, அம்மா உங்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்க எப்பப் பாத்தாலும் எழும்பூரு, மயிலாப்பூரு, அடையாறுன்னே ஆடிஷன் வைக்கறீங்க. தென்னிந்தியாவுல மொத பாசஞ்சர் ரயிலு 1856-ல ராயபுரத்துலேந்துதான் கெளம்பிச்சு, இன்னிக்கும் அங்க வண்டி நிக்குது. கல்யாண மண்டபம் இருக்கு, ஸ்கூலு ஹால் இருக்கு, ஆர்மோனியத்துக்கும் ஆளு இருக்கு. அடுத்த தபா இந்தப் பக்கம் வந்து ஒரு நாளு வைங்க. தடைக்காலத்துல வெச்சா ஊரே சும்மாதான் இருக்கும், கேக்க வரும்.