கோர்ட்டில் விளக்கு வைத்த காலம்

“பழைய லைட் ஹவுஸுக்குப் போகணும்” என்றேன். “மெரினாதானே சார்?” என்றார் ஆட்டோக்காரர். ஹைகோர்ட் என்றதும் திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மெரினாப் பக்கத்துப் பறக்கும் ரயில் நிலையத்துக்கே கலங்கரை விளக்கம் என்றுதானே பெயர்.

தம்புச் செட்டித் தெருவில் எங்கள் மொட்டை மாடி பெரிதில்லை. ஆனால் அங்கிருந்து உயர் நீதிமன்றத்தின் உயரமான குவிமாடம் தெரியும். 1894-லிருந்து கப்பல்களுக்கு வழி காட்டிய விளக்கு அதன் உச்சியில்தான் இருந்தது. பொழுது சாய்ந்ததும் பாட்டி கீழேயிருந்து குரல் கொடுப்பாள்: “கோர்ட்டுல விளக்கு வெச்சுட்டானாடா?” நான் மாடியிலிருந்து பார்த்து “வெச்சாச்சு” என்பேன். அதற்கப்புறம்தான் எங்கள் சாமி மாடத்தில் அகல் ஏறும். துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா மட்டும் சொல்வார்: “அது நமக்கு வெச்ச விளக்கு இல்லடா. கரை எங்கேன்னு தெரியாம தவிக்கிறான் பாரு, அவனுக்கு.” மழைக்கால இரவுகளில் அதை நினைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

அவர் சொன்னதன் பாரம் பின்னால்தான் புரிந்தது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, ஆட்களும் மூட்டைகளும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். அப்படிப்பட்ட கரைக்கு 1796-ல் வந்த முதல் விளக்கு, கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அடுத்து பல்லாவரத்துக் கல்லால் ஒரு நெடிய தூண். 1838-ல் கட்டத் தொடங்கி, 1844-ல் விளக்கேற்றினார்கள். அரை நூற்றாண்டு உழைத்த பிறகு தன் வேலையைப் பக்கத்துக் குவிமாடத்திடம் கொடுத்தது அந்தத் தூண். மூன்று விளக்குகளும் நடந்து போகிற தூரத்துக்குள்.

குவிமாடத்தின் காலத்தில்தான் எம்டன் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சுட்டதில் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. நீதிமன்றச் சுவரையும் குண்டு விடவில்லை. அந்த இடத்தில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். பாட்டி யாரைத் திட்டினாலும் “சரியான எம்டன்” என்பாள். கப்பலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

1977 ஜனவரி 10. பொங்கலுக்கு நாலு நாள் முன்பு மெரினாவில் புது விளக்கு எரியத் தொடங்கியது. எனக்குப் பத்து வயது. செய்தி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் போகி அன்று சாயங்காலம் பழக்கத்தில் பாட்டி கேட்டுவிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே அகலை ஏற்றினாள். தாத்தா அன்று சாப்பிடும்வரை பேசவில்லை.

புது விளக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. லிஃப்ட் வைத்த அந்தக் கோபுரத்தில் 2013-க்குப் பிறகு ஏறியும் பார்த்திருக்கிறேன், அழகான காட்சி. ஆனால் பழையவற்றை அண்ணாந்து பார்க்க ஒருவரும் இல்லை என்பது என்னைத் தைக்கிறது. ஒரு காலத்தில் கடலைப் பார்த்து நின்ற தூணுக்கு எதிரே இன்று ராஜாஜி சாலை, ரயில் பாதை, துறைமுகச் சுவர்.

ஆட்டோவை விட்டு இறங்கி, தூணடியில் போய் நின்றேன். நிழலில் ஒரு வக்கீல் குமாஸ்தா, பக்கத்தில் கேஸ் கட்டு, மடியில் எலுமிச்சை சாதம்.

“என்ன சார் பாக்குறீங்க?”

“மேலே விளக்கு எரிஞ்சுது. கப்பலுக்கு.”

“இதிலயா?” கையில் எடுத்த கவளத்தோடு அண்ணாந்து பார்த்தார். கட்டை நகர்த்தி இடம் விட்டார். “உக்காருங்க சார். சொல்லுங்க.”