பொய்ரோவின் வாய்

அகதா கிறிஸ்டியின் பொய்ரோ நாவல்களை வெளிவந்த வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று சொன்னால், பழைய புத்தகக் கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்கிப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 33 நாவல்கள், ஒவ்வொன்றிலும் புதுப் பிணம், புது பங்களா, புது உயில். கடைசியில் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துப் பொய்ரோ மீசையைத் தடவியபடி விளக்கம் சொன்னதும் கணக்கு தீர்ந்தது. முன்கதைச் சுருக்கமே தேவைப்படாத தொடருக்கு வரிசை எதற்கு? கேள்வி சரிதான். ஆனால் இதில் துப்பறிகிறவரின் வாயைக் கணக்கில் சேர்க்கவில்லை.

1937-இல் வந்த ‘டம்ப் விட்னஸ்’ நாவலைப் பாருங்கள். பார்க்கவும் பழகவும் இனிமையானவர்களும் கொலை செய்வார்கள் என்று நண்பர் ஹேஸ்டிங்ஸுக்குப் பாடம் எடுக்கும் பொய்ரோ, உதாரணத்துக்கு நாலு பேரைச் சொல்கிறார். வெறும் பெயர்கள் அல்ல, ஆளுக்கொரு அடைமொழியோடு. நால்வரும் ‘ஸ்டைல்ஸ்’, ‘ரோஜர் அக்ராய்ட்’, ‘புளூ டிரெய்ன்’, ‘டெத் இன் த கிளவுட்ஸ்’ ஆகிய நாவல்களில் அவரே கண்டுபிடித்த கொலையாளிகள். பக்கம் பக்கமாகக் கட்டிக் காத்த மர்மங்கள் நாலும் ஒரே மூச்சில் போயின. அதிலும் ‘ரோஜர் அக்ராய்ட்’! 1926-இல் வந்த நாளிலிருந்து, அதன் முடிவைச் சொல்லக் கூடாது என்று வாசகர்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டு வந்த புத்தகம் அது. முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து, டிக்கெட் கையில் வைத்திருப்பவரிடம் கிளைமாக்ஸைச் சொல்லும் மைத்துனரையாவது முறைக்கலாம். அச்சில் இருப்பவரை என்ன செய்வது? ‘டம்ப் விட்னஸ்’ வருவதற்கு முந்தைய வருடமே, ‘கார்ட்ஸ் ஆன் த டேபிள்’ நாவலில், தான் முன்பு விசாரித்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் கொலையின் மர்மத்தையும் பொய்ரோ போகிற போக்கில் உடைத்திருந்தார். மறதி உள்ளவர்களுக்கு ஆபத்தில்லை என்பார்கள். ஆனால் எதை மறக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ அதுதான் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

கிறிஸ்டியே வரிசையை மதிக்கவில்லையே என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. 1920-இல் அறிமுகமாகும்போதே பொய்ரோ பெல்ஜியப் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் உலகப் போரால் இங்கிலாந்துக்கு வந்த அகதி. அப்போது அவருக்கு எத்தனை குறைவாக வயது வைத்தாலும், நாவல்கள் இன்னும் வந்துகொண்டிருந்த 1970-களில் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே அவரை இத்தனை கிழவராக்கியது தப்பு என்று கிறிஸ்டியும் பின்னால் நொந்துகொண்டார். போதாக்குறைக்கு, பொய்ரோவின் கடைசி வழக்கான ‘கர்ட்டன்’ இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதி, பூட்டி வைக்கப்பட்டது. எழுதிய தேதிப்படி அதை நடுவில் செருகினால், செத்தவர் அடுத்த நாவலில் எழுந்து வந்து மூலிகைத் தேநீர் கேட்பார். (அவர் இறந்ததைச் சொல்வது துரோகம் ஆகாது. புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே, 1975 ஆகஸ்டில், நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டுவிட்டது.) ஆக, எழுதிய வரிசையும் உதவாது, வயதுக் கணக்கும் உதவாது. வெளியான வரிசைதான் மிச்சம்.

அந்த வரிசையில் போனால் இன்னொரு வேடிக்கையும் கிடைக்கும்: ஓய்வு பெறவே தெரியாத ஒரு மனிதர். ‘ரோஜர் அக்ராய்ட்’ கதையில் தொழிலை விட்டுவிட்டு, கிராமத்தில் பூசணி வகைக் காய் வளர்க்கிறார். எரிச்சல் தாளாமல் அதில் ஒன்றை மதிலுக்கு அப்பால் வீசுகிறார். பக்கத்து வீட்டு டாக்டர் மயிரிழையில் தப்புகிறார். பத்து வருடம் கழித்து ‘ஏபிசி மர்டர்ஸ்’ வரும்போதும் தொழிலில்தான் இருக்கிறார். அர்ஜென்டினாவிலிருந்து வரும் ஹேஸ்டிங்ஸ், நண்பரின் தலைமுடி முன்னைவிடக் கறுப்பாக இருப்பதைப் பார்த்து அசந்துபோகிறார். பொய்ரோ சாயப் புட்டியைக் கொண்டுவந்து காட்டுகிறார். முன்பின்னாகப் படிப்பவருக்கு அது வெறும் புட்டி.

வரிசைப்படி போனால் 1927-இன் ‘த பிக் ஃபோர்’ நாவலையும் தாண்ட வேண்டுமே என்பார்கள். பத்திரிகைச் சிறுகதைகளை ஒட்டுப்போட்டுத் தைத்த நாவல் அது. தையல் எல்லா இடத்திலும் தெரியும். அதை மட்டும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், படிக்காமலும் விடலாம். வில்லன்கள் நாலு பேர் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுவதால், உளறுவதற்குப் பொய்ரோவுக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.