முதல்ல கயிறு திரிலே

ஏலே வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளா, சண்டை போடாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. அதை ஐயர் பிரசங்கத்துல சொல்லியாச்சு, உபதேசியார் ஜெபத்துல சொல்லியாச்சு, உங்க அம்மாமார் ஒப்பாரியிலயே சொல்லியாச்சு. கேட்டீங்களா? கிறிஸ்மஸ் பஜனைக்குப் போறோம்னு புறப்பட்டு, சமாதானப் பிரபு பொறந்துட்டார்னு தெருத்தெருவா பாடிக்கிட்டே, டிரம்மை யாரு அடிக்கிறதுங்கிறதுல ஒருத்தனை ஒருத்தன் அடிச்சீங்க. ஸ்டாருக்கு ஒரு முனை போச்சு, ஒருத்தனுக்கு ஒரு பல்லு போச்சு. காணிக்கையோட வாசல்ல நின்ன கிழவி, "இது எந்தப் பாட்டுலே, புதுசா இருக்கு?"ன்னு கேட்டாளாம்.

ஏம்லேன்னு கேட்டா, உங்கள்ல ஒரு வேதபண்டிதன் சொல்லுதான்: "இயேசுவே கோயில்ல சவுக்கு எடுக்கலியா தாத்தா?" ஆகா! பத்துக் கட்டளையில நாலு தாண்டினா திக்குத பய, இந்த ஒரு இடத்தை மட்டும் தூக்கத்துலயும் ஒப்பிக்கான்.

சரி, அவர் வழியிலயே போவோம். யோவான் எழுதினதை மெதுவா வாசி. சவுக்கு அங்க ஆணியில தொங்கிக்கிட்டு இருக்கல. கயித்தை எடுத்து அவரே செஞ்சிருக்கார். அது என்ன வேலைன்னு உனக்குத் தெரியுமா? பனை மட்டையைக் கிழிச்சு, நார் உரிச்சு, தண்ணியில ஊறப்போட்டு, தொடையில வச்சு உருட்டித் திரிச்சுப் பாரு. ஆத்திரத்துல கை நடுங்குனா ஒரு இழை கூடாது, பிரிஞ்சுக்கிட்டே போவும். நீ சவுக்கு செஞ்சு முடிக்கதுக்குள்ள எதிராளி வீட்டுக்குப் போயி, கஞ்சி குடிச்சுப் படுத்துருவான்.

மாற்கு இன்னொரு சேதி சொல்லுதார். முந்தின நாள் சாயங்காலமே ஆண்டவர் கோயிலுக்குள்ள போயி எல்லாத்தையும் சுத்திப் பாத்திருக்கார். பாத்துட்டு, பொழுது போயிட்டுன்னு பெத்தானியாவுக்குத் திரும்பிட்டார். மறுநாள் வந்துதான் மேசையைக் கவுத்தது. யோவான் சொல்லுததும் இவர் சொல்லுததும் ஒரே சம்பவமா, ரெண்டா? அதை செமினரி படிச்சவங்க அடிச்சுக்கிடட்டும், அவங்களுக்கும் பொழுது போகணும்லா. எனக்கு வேண்டியது ஒரு ராத்திரியும் ஒரு முழம் கயிறும்தான்.

இன்னும் கேளு. காசுக்காரன் மேசையைக் கவுத்தார். காசு உருண்டா பொறுக்கிக்கிடலாம். புறாக்காரன்ட்ட வந்ததும், யோவான் சொல்லுதபடி, எடுத்துட்டுப் போங்கன்னு வாயாலதான் சொன்னார். புறா ஏழை வீட்டுக் காணிக்கை. பறந்துட்டா யாரு புடிக்க? அவ்வளவு கோபத்துலயும் எதைக் கவுக்கணும், எதை விடணும்னு பாத்திருக்கார். நீங்க என்ன பாத்தீங்க? வாடகைக்கு எடுத்த ஆம்ப்ளிஃபயரை மிதிச்சு உடைச்சீங்க. கிழவிமார் போட்ட பஜனைக் காசுலதான் அதுக்குத் தண்டம் அழுதாச்சு.

மோசேயைப் பாரு. பூமியில அவரை மாதிரி சாந்தமான மனுஷன் கெடையாதுன்னு வேதமே சொல்லுத ஆளு. பாறைட்ட பேசுன்னா, சனங்க மேல இருந்த எரிச்சல்ல கோலால ரெண்டு அடி போட்டார். மனுஷனைக்கூட இல்லலே, பாறையை! தண்ணி வந்துட்டு, கானான் போயிட்டு. நேபோ மலையில நின்னு எட்டிப் பாத்ததோட சரி. உனக்குக் கானான் எது? துபாய்தானே? கோர்ட்டுல கிரிமினல் கேஸ் நிலுவையில இருந்தா பாஸ்போர்ட்டை மறுக்கதுக்கு 1967ஆம் வருஷத்துச் சட்டத்துலயே எடம் வச்சிருக்கான். உங்க அம்மா கம்மலை அடகு வச்சு ஏஜென்டுக்குக் கட்டுன பணத்தை டிரம் குச்சிக்கு விட்டுட்டு, மணப்பாட்டு மேட்டுல ஏறி நின்னு எட்டிப் பாரு. துபாய் தெரியாது, அது அந்தப் பக்கமே இல்ல.

பேதுரு கதையும் தெரியும்லா? வாளை உருவி வீசினதுல, ஆண்டவரைப் புடிக்க வந்த மல்குஸோட வலது காது மட்டும் போச்சு. வலை வீசுத கைக்கு அவ்வளவுதான் வரும். நல்லவேளை, தொட்டுச் சொகமாக்க ஆண்டவர் பக்கத்துலயே நின்னார். நீ அறுத்ததுக்கு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். எப்படிப் பட்டுச்சுன்னு டாக்டர் கேட்டா, "பஜனையில"ன்னு சொல்லணும்.

போன ஞாயித்துக்கிழமை திருவிருந்துல சமாதானம் கைக்குக் கை வந்துச்சு பாரு, நம்ம தென்னிந்தியத் திருச்சபை 1950ல போட்ட ஆராதனை முறையிலயே அது உண்டு. பீடத்துல இருந்து அத்தனை பேர் கையையும் தாண்டி வந்தது, உங்க வரிசையில வந்து நின்னுட்டு. பல்லு போனவன் கையை நீட்டுதான். பல்லைத் தட்டுனவன் குனிஞ்சு பாட்டுப் புத்தகத்துல எதையோ தேடுதான். பாட்டு முடிஞ்சு ரொம்ப நேரமாச்சுலே, என்னத்தைத் தேடுத?

அதனால சொல்லுதேன். இனிமே எவனுக்குக் கோபம் வந்தாலும், ராத்திரி எந்நேரமானாலும், நேரா என் வீட்டு முத்தத்துக்கு வந்துரு. மட்டை வெட்டிப் போட்டிருக்கேன், தொட்டியில நார் ஊறிக்கிட்டிருக்கு. பத்துப் பாகம் திரிச்சு முடி. அப்புறமும் அடிச்சே தீரணும்னா, நானே அரிக்கேன் விளக்கைப் புடிச்சுக்கிட்டுக் கூட வாரேன். என் நார்க்கட்டில் தொய்ஞ்சு முதுகு தரையில தட்டுது. ஆச்சி கட்டிலும் அப்படித்தான். உங்க கோபம் இதே கணக்குல போச்சுன்னா, புது வருஷத்துக்குள்ள ரெண்டையும் இழுத்துக் கட்டிரலாம்.