கல் ஏறிய வீடு

கேள்வி: காருக்குப் பின்னால் வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும் தம்பதிக்கு முதல் எதிரி யார்?

பதில்: எடை. உறவினர்கள் அதற்கு அடுத்துதான்.

1954-இல் வின்சென்ட் மினெல்லி இயக்கிய ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்ற ஹாலிவுட் படத்தில் நாயகன், நாயகி டெசி ஆர்னாஸும் லூசில் பாலும் அப்போது நிஜ வாழ்விலும் தம்பதி. படத்தில் புதுமணத் தம்பதியாக 36 அடி நீள டிரெய்லரை இழுத்துக்கொண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பயணம் போகிறார்கள். போகிற இடமெல்லாம் பயண நினைவாக மனைவி கல் பொறுக்குகிறாள். மலை ஏறுமுன் எறியச் சொல்கிறான் கணவன். அவள் டிரெய்லருக்குள் ஒளித்து வைக்கிறாள். மலைப்பாதையில் கற்கள் உருள, குட்டு உடைகிறது.

சிரிப்புக்குள் இயற்பியலும் உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கிமேல் அழுந்த வேண்டும். பாரம் பின்பக்கம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துக் கவிழ்க்கும். அப்போது கார் பிரேக்கை மிதிப்பது பெரும்பாலும் வினையே. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லருக்குரிய பிரேக்கை மட்டும் தனியே இயக்குவதே முறை.

பின்னோக்கி ஓட்டுவது தனிக் கலை. டிரெய்லர் இடப்பக்கம் போக ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். படத்தின் கணவன் இதில் தடுமாறி, மனைவியின் உறவினர் வீட்டுத் தோட்டத்தையே துவம்சம் செய்கிறான். பக்கத்தில் நின்று மனைவி வழிகாட்டியும் பயனில்லை, அல்லது, அதனால்தான்.